பிரினாவுக்கு ஒரு இருமுனை ஸ்கீ

கோப்பர்
8 நவம்பர் 2018, வியாழன்

கோராஸ்ட்,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். கேட்டால் உன் முதுகுவலியைப் பற்றி நாலு பக்கம் எழுதுவாய். விவாகரத்தின்போது நம்மை எதிரெதிரே உட்காரவைத்த அந்த அம்மாள், “போன்ல பேசினா கத்திக்குவீங்க, எழுதிக்கோங்க” என்று சொன்னாளே, இந்த மூன்று வருடத்தில் நமக்குக் கிடைத்த ஒரே நல்ல யோசனை அதுதான். பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பிரினா உன்னிடம் வரும்போது என் கடிதம், ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது உன் கடிதம். இப்படியே ஓடட்டும்.

விஷயம் இதுதான். உன் மகளுக்கு டிசம்பரில் பதினாறு முடிகிறது. பரிசாக ஸ்கீ வேண்டுமாம். பந்தய ஸ்கீ இல்லை. முன்னாலும் பின்னாலும் வளைந்திருக்குமாமே, இருமுனை ஸ்கீ, அது. உன்னிடம் கேட்கப் பயப்படுகிறாள். “அப்பா மூஞ்சி தொங்கிடும்மா, நீயே எழுது” என்றாள். அந்த முகத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் கோப்பர் துறைமுகத்தில் கிரேன்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பவள். ஸ்கீ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் நீயே தேர்ந்தெடு. பிரசங்கம் மட்டும் வேண்டாம். போன வருடம் அவள் பந்தயத்தை விட்டபோது நீ பேசிய பேச்சே இன்னும் வீட்டில் எதிரொலிக்கிறது.

யெர்னேயா

* * *

கிரான்ஸ்கா கோரா
11 நவம்பர், ஞாயிறு

யெர்னேயா,

கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் நின்றபடி படித்தேன், கையிலிருந்த, ஸ்கீக்குத் தேய்க்கும் மெழுகுக் கட்டி கீழே விழுந்தது. ஒன்பது வருடம் அந்தக் குழந்தைக்கு முன்னால் பார்த்து இறங்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது பின்னால் பார்த்து இறங்க அவளுக்கு ஒரு ஸ்கீ வேண்டும்! இரண்டு பக்கமும் மூக்கு வைத்த ஒரு பிராணியை என் மகள் காலில் நானே மாட்டிவிட வேண்டும்!

பிரசங்கம் வேண்டாம் என்றாய். சரி, நிறுத்திக்கொள்கிறேன். முதுகு மோசமாகத்தான் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

இப்போது தொழில். இருமுனை என்று சொன்னால் மட்டும் போதாது. மேடுகள் கட்டிய பனிப்பூங்காவில் குதிப்பதற்கென்றே செய்ததை வாங்கினால் வாழைப்பழத் தோல் மாதிரி வளையும், உருட்டிச் சமன் செய்த சரிவில் வேகமெடுத்தால் கிடுகிடுவென்று நடுங்கும். பொடிப்பனிக்கென்று செய்தது படகு அகலம் இருக்கும், காலைநேரக் கெட்டிப்பனியில் அதைச் சாய்த்துத் திருப்புவதற்குள் முழங்கால் கெஞ்சிவிடும். எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டுமென்றால் எது எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டும். அவளைக் கேட்டு எழுது. என்னிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

எடையும் வேண்டும். என் கடை வாசலில் எடைமேடை இருப்பது உனக்குத் தெரியும். பாதிரியார் வந்தாலும் அதில் ஏறாமல் ஸ்கீ கிடையாது. எடை கேட்டால் ஊரே பொய் சொல்கிறது, ஆண்கள் கூட்டியும் பெண்கள் குறைத்தும். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் பிடியை அந்த எடையை வைத்துத்தான் முறுக்குகிறேன். எடை தப்பானால் பிடி தப்பு, பிடி தப்பானால் கால் போச்சு. நேற்று பிரினாவை ஏறச் சொன்னேன். “நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா? அம்மாகிட்ட பேப்பர் இருக்கு, கேட்டுக்கோ” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வற்புறுத்தினால் மறுபடி பேசாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்து விட்டுவிட்டேன். நீ எழுது.

கோராஸ்ட்

* * *

கோப்பர்
22 நவம்பர், வியாழன்

கோராஸ்ட்,

செப்டம்பரில் பள்ளியில் எடுத்த மருத்துவத் தாள் என் முன்னால் இருக்கிறது. உயரம் நூற்று அறுபத்தெட்டு, எடை ஐம்பத்தெட்டு. பாதிரியாரை விட உன் மகள் நேர்மையானவள்.

நீ கேட்டதை அவளிடம் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பாதி நாள் சமன் சரிவுல. புதுப்பனி விழுந்தா மரங்களுக்கு நடுவுல. மிச்ச நேரம் ஃப்ரெண்ட்ஸோட சும்மா சுத்திக் குதிக்கறது. யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கூடாது.”

கடைசி வரி யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை நிறம் வேண்டாமாம், மற்றபடி எதுவானாலும் சரியாம்.

யெர்னேயா

* * *

கிரான்ஸ்கா கோரா
25 நவம்பர், ஞாயிறு

யெர்னேயா,

கடைசி வரியைப் படித்தேன். வலித்தது. ஸ்டாப்வாட்சை அலமாரியில் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டு வாரம் யோசித்து முடிவு செய்துவிட்டேன். வாங்கப்போவதை உனக்குச் சொல்லியே தீருவேன், பொறுத்துக்கொள். காலடியில் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். அதற்கு மேலே போனால் சமன் சரிவில் சோம்பல், கீழே போனால் புதுப்பனியில் முழுகிவிடும். நீளம் அவள் புருவம் வரை. இருமுனையில் வால் மேலே வளைந்திருப்பதால் பனியைத் தொடும் நீளம் குறைவு, அதனால் பயந்துகொண்டு குட்டையாக எடுக்கக் கூடாது. விறைப்பு நடுத்தரம், ஐம்பத்தெட்டு கிலோ அழுத்தினால் அழகாக வளைந்துகொடுக்கும். வித்தைக்காரப் பிள்ளைகள் பிடியை நட்ட நடுவில் பொருத்தச் சொல்வார்கள். நான் மூன்று சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பொருத்துகிறேன். முன்னால் போகும்போதும் கொஞ்சம் மரியாதையாகப் போகட்டுமே!

பிடியை எவ்வளவு முறுக்குவது என்று பார்க்கும் அட்டவணையில் எடையோடு ஆளின் வகையையும் குறிக்க வேண்டும். மெதுவாகப் போகிறவர் முதல் வகை, வேகக்காரர் மூன்றாம் வகை. ஒன்றரை வருடமாக அவள் சரியாக இறங்கவில்லை என்றாலும் மூன்று என்றுதான் குறித்தேன். அவள் என் மகள். நீல நிறம் எடுத்தேன். உன் கடல் நிறம்.

கோராஸ்ட்

* * *

கோப்பர்
6 டிசம்பர், வியாழன்

கோராஸ்ட்,

நீல நிறத்துக்கு நன்றி. இந்தத் தடவை சண்டை போட எழுதவில்லை.

நேற்று மிக்லாவ்ஷ் இரவு, புனிதர் வந்து குழந்தைகளின் செருப்பில் பரிசு வைத்துப் போகும் இரவு. இத்தனை வயசாகியும் ஜன்னலில் செருப்பை வைக்கிறாள், நானும் நிரப்புகிறேன். பேக்கரியில் வாங்கிய பார்க்கெல் ரொட்டியை, அந்தக் கொம்பு வைத்த குட்டிப்பேயை, முன்பெல்லாம் விடிவதற்குள் தலையிலிருந்து கால்வரை தின்றுவிடுவாள். இன்று மாலை வேலை முடிந்து வந்தால் அது அப்படியே இருக்கிறது. கண்ணுக்கு வைத்த திராட்சை கூட இருக்கிறது. “பஸ்ல போகும்போது சாப்டுக்கறேன்” என்றாள்.

கோராஸ்ட், அவள் உன் வீட்டில் என்ன சாப்பிடுகிறாள்? எனக்கு வாரத்தில் மூன்று நாள் மாலை ஷிப்ட், அந்த நாட்களில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஞாயிறு இரவு வந்தால், “அப்பா வயிறு வெடிக்கிற அளவுக்குப் போட்டுட்டாரு” என்று நேராகப் படுக்கப் போகிறாள். நீ அப்படிப் போடுகிறாயா? வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். நேற்று கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. என் கற்பனை என்று எழுது, சந்தோஷப்படுவேன். ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுது.

யெர்னேயா

* * *

கிரான்ஸ்கா கோரா
9 டிசம்பர், ஞாயிறு

யெர்னேயா,

இந்தத் தடவை உன் கடிதம் இல்லை. பிரினாவின் பிறந்தநாளுக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

ஸ்கீயைக் கொடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். கோட்டுக்கு மேலேதான் என்றாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு.

ஒன்று கேட்க வேண்டும். பூட்ஸை நான்தான் மாட்டிவிட்டேன். மார்ச்சில் கெண்டைக்கால் கொக்கி இரண்டாம் பல்லில் நின்றது. நேற்று கடைசிப் பல்லில் போட்டும் தளர்வாக இருந்தது. இருபது வருடமாக ஜனங்களின் காலைப் பிடித்துப் பார்க்கிறவன் நான். உள்பஞ்சு அழுந்திப்போனால் ஒரு பல் இறங்கும், இரண்டு இறங்காது. இரவு மாவைச் சுருட்டி ஷ்ட்ருக்லி அவித்தேன், அவளுக்குப் பிடித்த வால்நட் போட்டு. “அம்மா பஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே ஊட்டி விட்டுட்டா” என்று இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். அப்படியா? அவளுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? டாக்டரிடம் காட்டினாயா? கோபத்தை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பதில் எழுது.

கோராஸ்ட்

* * *

கோப்பர்
20 டிசம்பர், வியாழன்

கோராஸ்ட்,

இதுவரை எதற்கும் உன்னிடம் கெஞ்சியதில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. மில்லிமீட்டர் கணக்கு எழுத உனக்கு இரண்டு பக்கம் கிடைக்கிறது. இனி கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவள் என்னோடு இருப்பாள், ஜனவரி நாலாம் தேதி உன்னிடம் வருவாள். அவ்வளவுதான்.

யெர்னேயா

* * *

கிரான்ஸ்கா கோரா
23 டிசம்பர், ஞாயிறு

யெர்னேயா,

பதில் வரவில்லை என்று நீ எழுதுகிறாய்! கேட்டவன் நான், காத்திருந்தவன் நான். உன்னிடம் கேட்பதை விட சுவரிடம் கேட்கலாம். சரி, உன் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நாலாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன்.

கோராஸ்ட்

* * *

கிரான்ஸ்கா கோரா
21 ஜனவரி 2019, திங்கள்
(தபாலில்)

யெர்னேயா,

போன் செய்தால் எடுக்க மாட்டாய், எடுத்தாலும் என்னால் பேச முடியாது.

சனிக்கிழமை நடந்ததை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீ சொல்லவிடவில்லை. நான் மலைச்சரிவில் கம்பியில் தொங்கி ஓடும் நாற்காலி லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தேன். பிரினா எனக்குக் கீழே, சமன் சரிவின் ஓரத்தில், பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள். “அப்பா, பாரு!” என்று கத்தினாள். ஒரு சின்ன மேடு, அரைச் சுற்று, அவ்வளவுதான். இடது ஸ்கீயின் முனை ஓரத்துப் புதுப்பனியில் குத்திக்கொண்டது. உடம்பு திரும்பியது, ஸ்கீ திரும்பவில்லை. அந்த நொடியில் பிடி பூட்ஸை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே மேலே போனேன். இறங்க வழியில்லை. அவள் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். மயக்க மருந்துக்காக எடை பார்த்தார்கள். நர்ஸ் எண்ணைச் சொன்னாள். நீயும் நானும் ஒரே நேரத்தில், “அது தப்பு, திரும்பப் பாருங்க” என்றோம். மூன்று வருடத்தில் நாம் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். திரும்பப் பார்த்தார்கள். அதே எண்தான், உன் தாளில் இருந்ததை விடப் பதினொரு கிலோ குறைவு. போர்வையை விலக்கியபோது அவள் தோளெலும்பைப் பார்த்து, என் மகளை வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு நீ கத்தினாய். “அவ சாப்பிடறாளான்னு கேட்டேனே, ஒரு வரி எழுதினியா?” “எங்க கேட்ட? நான்தான் கேட்டேன்.” “பொய் சொல்லாதடா.” “நீ சொல்லாத.” நர்ஸ் வந்து நம்மை வெளியே தள்ளினாள்.

நேற்று அவளுக்கு உடை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பூட்ஸ் பையின் அடியில், ஈரக் காலுறைகளுக்குக் கீழே, இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று உன்னுடையது, ஆறாம் தேதி. இன்னொன்று என்னுடையது, ஒன்பதாம் தேதி. நாம் உறையை ஒட்டியதே இல்லையே, மகள்தானே கொண்டுபோகிறாள் என்று. எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ஸ்கீ பற்றியதைக் கொடுத்திருக்கிறாள், சண்டையைக் கொடுத்திருக்கிறாள், இந்த இரண்டை மட்டும் கொடுக்கவில்லை.

உன்னுடையதைப் பட்டறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். என்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன், நீயும் படி. நான் ஊட்டியதாக உன்னிடம், நீ ஊட்டியதாக என்னிடம். எனக்குக் கொக்கியில் தெரிந்தது, உனக்குக் கையில் தெரிந்தது. இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கிறது, யெர்னேயா.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பிடியைக் கழற்றிப் பார்த்தேன். அட்டவணையில் எடைக்கு இரண்டு வரி தப்பு, அது தாளில் வந்தது. அதற்கு மேல் இரண்டு வரி நான் ஏற்றியது. ஒன்றரை வருடம் சரியாக இறங்காத பெண்ணை மூன்றாம் வகை என்று குறித்தேன், பெருமைக்காக. பாதிரியாரை எடைமேடையில் ஏற்றுகிறவன் பெற்ற மகளை ஏற்றவில்லை. கொக்கி தளர்ந்ததைப் பார்த்த அன்றாவது பிடியைத் தளர்த்தியிருக்க வேண்டும். உன் பதிலுக்காகக் காத்திருந்தேன், பிறகு கோபப்பட்டேன், பிறகு மறந்தேன். காலை உடைத்தது நான்தான். டாக்டர் சேரும் என்கிறார். மற்றதைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை. இதயத்துடிப்பு குறைவாக இருக்கிறதாம்.

நீ இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கோராஸ்ட்

* * *

லுப்லியானா
24 ஜனவரி, வியாழன்

கோராஸ்ட்,

நேற்று பக்கத்து வீட்டுக்காரி தபாலை இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னைப் பொய்யன் என்றேன். மன்னித்துவிடு.

எல்லாப் பாரத்தையும் நீயே சுமந்துகொள்ளாதே, அதிலும் உனக்கு ஒரு முதல் பரிசு வேண்டுமா? செப்டம்பர்த் தாளை நவம்பரில் பார்த்து எழுதியவள் நான். தாளை எடுத்துக் கையில் கொடுத்தவள் அவள், “அப்படியே எழுதும்மா” என்று. எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும். நான் தாளைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள். காலில் மாவுக்கட்டு, கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். இரவில் அந்தத் துடிப்பு எண் இறங்கினால் இயந்திரம் கூவுகிறது, நானும் எழுந்து நிற்கிறேன். டாக்டர் ஒளிக்கவில்லை. “கால் ஒடிஞ்சது நல்லதாப் போச்சுன்னு ஒரு தாய்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா இங்க வேற மாதிரி வந்திருப்பா” என்றார். நீ பிடியை முறுக்கியது அவளைக் காட்டிக்கொடுத்தது என்று நினைத்து ஆறுதல் அடைய மாட்டேன், நீயும் அடையாதே.

நேற்று கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். ஏன் மறைத்தாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவளே சொன்னாள். ஜன்னலைப் பார்த்தபடி, கதை சொல்வது மாதிரி. “ரொம்ப சுலபமா இருந்துச்சும்மா. அங்க சாப்டேன்னு இங்க, இங்க சாப்டேன்னு அங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை போன்ல பேசியிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன்.” பிறகு அழுதாள். “மாட்டிடுவேன் மாட்டிடுவேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பஸ்ல நினைச்சுக்கிட்டே வருவேன். யாரும் பிடிக்கவே இல்ல.”

இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. எழுதவும் மாட்டேன். கோராஸ்ட், நமக்கு நடுவில் இருந்த அந்த இருநூறு கிலோமீட்டரில்தான் நம் பெண் பட்டினி கிடந்தாள். நீ இனி எனக்குக் கடிதம் எழுதாதே, வந்தால் பிரிக்காமல் கிழித்துப் போடுவேன்.

இங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறார்கள். இன்று நான் உட்கார்ந்தேன், நாலு ஸ்பூன் சூப், ஐம்பது நிமிடம். ஐந்தாவது ஸ்பூனுக்கு, “அப்பா வரட்டும்” என்றாள். சாக்கா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. இதை இப்போது தபாலில் போடமாட்டேன். கீழே போய் உனக்குப் போன் செய்து, நானே இதை வாசிக்கப்போகிறேன். கத்தினாலும் பரவாயில்லை, எடு.

யெர்னேயா